லூ பூர்ஜேயில் இறங்கப்போகும் நண்பனுக்கு

லா கூர்னேவ்,
பாரிஸ் புறநகர்.

அன்பின் ரவி,

சுகந்தி நேற்றிரவு தொலைபேசியில் சொன்ன செய்தியைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் நம்பினேன். உன் முதலாளி அடுத்த மாதம் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலிருந்து தனி ஜெட்டில் பாரிஸ் வருகிறாராம், கணக்குகளோடு உன்னையும் ஏற்றிக்கொண்டு வருகிறாராம், நீயும் அதற்கென்று புதிய கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறாயாம். பருத்தித்துறை மினிவானின் மிதிபலகையில் தொங்கிய ஆளுக்கு வந்த வாழ்வைப் பார்! இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

இனி விடயத்துக்கு வருகிறேன். நீ இறங்கப்போகும், தனி ஜெட்டுகள் வந்துபோகும் லூ பூர்ஜே விமான நிலையத்தில்தான் எனக்கு வேலை என்பதை மறந்துவிட்டு, லவுஞ்ச் எப்படி இருக்கும் என்று இணையத்தில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். அந்தப் படங்களை மூடிவை.

முதலில் வாசலைச் சொல்கிறேன். மற்ற விமான நிலையங்களைப் போல எல்லோருக்கும் பொதுவான ஒரு முனையம் இங்கே இல்லை. எஃப்.பி.ஓ. என்று நாங்கள் சொல்லும் நிறுவனங்கள் பல, ஓடுபாதைகளின் ஓரமாகத் தத்தமக்கென்று கட்டடம் வைத்திருக்கின்றன. விமானத்துக்குத் தரிப்பிடமும் எரிபொருளும் ஒழுங்குசெய்வதிலிருந்து பயணிக்குக் கோப்பி கொடுப்பதுவரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்கள் விமானத்தை எந்த நிறுவனம் கையாளுகிறதோ அதன் வாசல்தான் உன் வாசல். திரும்பிப் போகும் நாளில் டாக்சிச் சாரதியிடம் 'லூ பூர்ஜே விமான நிலையம்' என்று மட்டும் சொன்னாயானால், அவர் உன்னை விமான அருங்காட்சியகத்தின் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விடுவார். நீ புதுக் கோட்டோடு ஆரியான் ராக்கெட்டின் மாதிரிக்குக் கீழே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே வந்தால் நீ எதிர்பார்க்கும் ஆரவாரம் எதுவும் இருக்காது. வரி விலக்குக் கடைகள் இல்லை, அறிவிப்புகள் இல்லை, வரிசையும் இல்லை. தோல் நாற்காலிகள், நல்ல கோப்பி இயந்திரம், பழங்கள், சிறிய கூட்ட அறை, குளியலறை, கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் விமானங்கள், இவ்வளவுதான். சாப்பிடுவதற்கும் குடிப்பதற்கும் உன்னிடம் யாரும் காசு கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அது கையாளல் கட்டணத்துக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கும். அந்தப் பற்றுச்சீட்டு பின்னர் உன் மேசைக்குத்தான் வரும், அப்போது நீ அருந்திய கோப்பியின் உண்மையான சுவை தெரியும்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள். இவ்வளவு செலவழித்துக் கட்டிய லவுஞ்சில் உன் முதலாளி அநேகமாக உட்காரவே மாட்டார். புறப்படுவதற்குக் கால் மணி நேரத்துக்கு முன் கார் வந்து நிற்கும், கடவுச்சீட்டைக் காட்டுவார், நேரே விமானத்துக்குப் போய்விடுவார். அவர் அந்த நாற்காலியில் அரை மணி நேரம் இருக்க நேர்ந்தால் எங்கோ ஏதோ பிசகிவிட்டது என்று பொருள். அங்கே உண்மையில் காத்திருப்பவர்கள் விமானிகளும், பணிப்பெண்களும், உன்னைப் போல முன்கூட்டியே அனுப்பப்படுகிறவர்களும்தான். ஆகவே லவுஞ்ச் யாருக்காக என்று என்னிடம் கேட்டால், கோப்புகளோடு வரும் உனக்காகத்தான் என்பேன், தயங்காமல் சாப்பிடு.

விமானிகளைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும், அவர்களோடுதான் என் நாள் கழிகிறது. காலையில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, 'மாலை எப்போதாவது' என்ற ஒரு சொல்லை நம்பி நாள் முழுவதும் இருப்பார்கள். அவர்களுக்கென்று தனி அறையும், சரிந்து படுக்க இருக்கைகளும் உண்டு. புறப்படும் நேரம் நெருங்கினால் அவர்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் மூன்று: ஐஸ், சூடான கோப்பி, அன்றைய பத்திரிகைகள். விமானத்து உணவு வெளிச் சமையற்கூடத்திலிருந்து வரும். அதைக் குளிரூட்டியில் பாதுகாப்பதும், முன்பு இறக்கிய பீங்கான் தட்டுகளைக் கழுவி எண்ணிக் கொடுப்பதும் எங்கள் வேலை.

இங்கிருந்து ஜெட் விமானங்கள் இரவு 10.15 முதல் காலை 6 மணி வரை புறப்பட முடியாது. சுற்றிவர எங்களைப் போன்றவர்களின் குடியிருப்புகள் இருப்பதால் வந்த விதி. ஒரு நாள் விருந்து முடித்துப் பிந்தி வந்த ஒருவர், பணம் எவ்வளவென்றாலும் தருகிறேன், கிளம்பத்தான் வேண்டும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கத்தினார். அந்தப் பிள்ளை அழுதேவிட்டாள். கப்டன் ஒரு சொல்லும் பேசாமல் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தார். மச்சான், உன் முதலாளியின் இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கப் பார்.

பணத்தால் தாண்ட முடியாத இன்னொன்று எல்லைச் சோதனை. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியாட்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் விரலடையாளமும் முகப்படமும் பதிய வேண்டும், அதில் தனி ஜெட்டில் வருகிறவர்களுக்கென்று விலக்கு இல்லை. அதிகாரி ஆளைப் பார்க்க வேண்டிய இடத்தில் முதலாளியும் நிற்பார், நீயும் நிற்பாய். வாடகை ஜெட் என்றால் கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்: 2025 மார்ச்சிலிருந்து பிரான்சிலிருந்து ஐரோப்பாவுக்குள் புறப்படும் ஒவ்வொரு பயணிக்கும் 420 யூரோ வரி, தூர தேசமென்றால் 2,100 யூரோ. உன் தலைக்கும் சேர்த்துத்தான்.

யாரெல்லாம் வந்து போகிறார்கள் என்று சுகந்தி கேட்கச் சொன்னாளாம். சொல்ல மாட்டேன், யாரும் பார்க்காமல் போய்விடலாம் என்பதற்குத்தான் இவர்கள் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் இதே இடத்தில்தான் 1927 மே 21 இரவு அமெரிக்க விமானி லின்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து வந்து இறங்கியபோது ஒரு பெருங்கூட்டமே ஓடிவந்தது. 1961 ஜூன் 16 அன்று நடனக் கலைஞர் நூரியேவ், சோவியத் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே பிரெஞ்சுப் பொலிசாரிடம் தஞ்சம் கேட்டதும் இங்கேதான். பன்னாட்டுச் சேவைகள் 1977இல் இங்கிருந்து போன பிறகு, பழைய முனையக் கட்டடம் அருங்காட்சியகத்தின் பகுதியாகிவிட்டது. முதலாளி கூட்டத்தில் இருக்கும்போது ஓர் எட்டுப் போய்ப் பார். லவுஞ்சில் கோப்பி குடித்துக்கொண்டே இருந்தால் உனக்கு நெஞ்செரிவுதான் வரும்.

எந்த நிறுவனத்தின் வாசல், எத்தனை மணிக்கு இறக்கம், விமானத்தின் பதிவு இலக்கம் என்ன என்று செயலாளரிடம் கேட்டு உடனே எழுது. அன்று எனக்கு வேலை விழுந்தால் நானே உனக்குத் தேநீர் கொண்டுவருவேன். ஆனால் பயணிகளை நாங்கள் 'மிஸ்யூ' (பிரெஞ்சில் 'ஐயா') என்றுதான் அழைக்க வேண்டும், ஆகவே தட்டோடு வந்து 'மிஸ்யூ' என்று குனியும்போது சிரித்துத் தொலைக்காதே. மாலையில் உன்னை விட்டார்களானால் பாரிஸில் நம்மவர்களின் கடைகள் இருக்கும் லா ஷப்பலுக்குப் போய்க் கொத்துரொட்டி சாப்பிடலாம், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வா.

அன்புடன்,
குகன்