ஆழாக்கும் படியும்

தல்லாகுளம், மதுரை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததைப் படித்த பிறகுதான் உன் மதினிக்கு நிம்மதி வந்தது. இங்கே குறையொன்றும் இல்லை. வைகையில் தண்ணீர் வருகிறது. நேற்றுக் காலை பாலத்தில் நின்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் நடந்த ஒன்றை உனக்குத்தான் முதலில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். கீழமாசி வீதியில் நாம் அரிசி வாங்குகிற மண்டி நினைவிருக்கிறதா? அங்கே புதிதாக விநாடிக்கு 100 மெகாபிட் இணைய இணைப்பு எடுத்திருக்கிறார்கள். மகள் கல்யாண வீடியோவை இறக்கிக்கொண்டிருந்தார் மண்டிக்காரர். 700 மெகாபைட் கோப்பு. ஏழே விநாடியில் வந்துவிடும் என்று அவர் கணக்கு. ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. திரையில் வேகம் 11.3 என்றுதான் நின்றது. "நூறுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பதினொன்று தருகிறீர்களே" என்று கம்பி இழுத்த பையனைக் கூப்பிட்டு நிற்க வைத்துவிட்டார். வேகச் சோதனையில் 94 காட்டுகிறதே என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வயதுதான் இருக்கும். முகம் வாடிப்போய் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

பரணில் இருந்த பித்தளைப் படியையும் ஆழாக்கையும் இறக்கச் சொன்னேன். ஆழாக்கில் தலை தட்டி அரிசியை அளந்து படியில் கொட்டினேன். எட்டாவது ஆழாக்கில் படி நிறைந்தது. "ஆழாக்குதான் பிட், படிதான் பைட். உங்களுக்கு விற்றது விநாடிக்கு 100 ஆழாக்கு. கணினி படிக்கணக்கில் காட்டுகிறது" என்றேன். அவரே விரல் விட்டு வகுத்து, "பன்னிரண்டரைப் படி வரவேண்டும். பதினொன்று சொச்சம்தானே வருகிறது?" என்று கேட்டார். வியாபாரி அல்லவா, மீதியை விடுவாரா?

அந்த மீதி இரண்டு இடத்தில் போகிறது. கோப்பைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, சரிபார்ப்பு எண், இடைவெளி என்று நூற்றுக்கு ஐந்து பங்கு கழிகிறது. மூட்டையோடு நிறுத்துச் சாக்கு எடையைக் கழிப்பது போலத்தான். அப்புறம் நிற்பது 11.87. இன்னொன்று, தொலைத்தொடர்பில் மெகா என்றால் சரியாகப் பத்து லட்சம். அவருடைய கணினியோ 1024-ஐ 1024-ஆல் பெருக்கி, 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்கிறது. அந்தப் பெரிய படியால் அளந்தால் 11.3. இந்தக் குழப்பம் தீரத்தான் 1998-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குக் கிபி, மெபி என்று தனிப் பெயர் வைத்தது. கடைத்தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஊருக்கு ஊர் படி வேறாக இருந்த காலத்தை அறிந்தவர் மண்டிக்காரர், சட்டென்று பிடித்துக்கொண்டார். பையனுக்குக் காபி வரவழைத்தார்.

அங்கேயே உன் நினைவு வந்துவிட்டது. டிரான்ஸ்மிஷன் அறையில், தொலைபேசிக் குரல்களைச் சேர்த்து அனுப்பும் இரண்டு மெகாபிட் இணைப்பை நாம் "டூ எம்.பி." என்று வாய்க்கு வந்தபடி சொல்வோம், நீ மட்டும் 2.048 என்று திருத்துவாய். குரலை விநாடிக்கு 8000 முறை மாதிரி எடுப்பார்கள், மாதிரிக்கு 8 பிட், ஆக ஒரு குரலுக்கு 64 கிலோபிட். அப்படி 32 வழி. பேச்சுக்கு 30, மற்ற இரண்டும் ஒத்திசைவுக்கும் சிக்னலுக்கும். 155.52 மெகாபிட் இணைப்பு வந்த புதிதில், அதில் 63 டூ எம்.பி. அடங்கும் என்றார்கள். நீ லாக் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் பெருக்கிப் பார்த்து, "129.024தான் வருகிறது, மீதி 26 எங்கே?" என்று கேட்டாய். மண்டிக்காரர் கேட்டதும் அதே கேள்விதான். அதுவும் சாக்கு எடைதான்.

எட்டால் வகுப்பதும் எல்லா இடத்திலும் செல்லாது என்பதை அதே கடையில் காட்டினேன். மின்தராசிலிருந்து பில் போடும் கணினிக்கு விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் எடை போகிறது. அங்கே எட்டு பிட் கொண்ட ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு நிறுத்த பிட். பத்தால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 960 எழுத்து.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சிறிய பி, பைட்டுக்குப் பெரிய பி என்று வேறுபாடாவது உண்டு. நம் விளம்பரங்களில் இரண்டுக்கும் எம்.பி.தான். தமிழில் பிட், பைட் என்று முழுதாக எழுதினால் யாருக்கும் மயக்கம் வராது. ஒவ்வொன்றிலும் இரண்டே எழுத்து. அந்தச் சிறு சிரமத்துக்குச் சோம்பினால் கம்பி இழுக்கிற பையன்தான் திட்டு வாங்குகிறான். மண்டிச் சுவரில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: 8 பிட் = 1 பைட்; 100 மெகாபிட் = 12.5 மெகாபைட், கழிவைக் கழிக்கும் முன். உன் ஊரிலும் இணைப்பு கொடுக்கும் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடு. உன் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

சித்திரைத் திருவிழாவுக்குத் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வந்துவிடு. மாடி அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். எந்த பஸ் என்று முன்னாலேயே எழுது, மாட்டுத்தாவணிக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் தல்லாகுளத்து நண்பன்