பேத்தியின் புத்தகமும் நம்முடைய போனும்

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று வாசித்ததும்தான் நிம்மதி. வேளாண்மை வெட்டு முடியும்வரை வயல் பக்கம் போகாதே, மகன் பார்த்துக்கொள்வான். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் இன்னும் விட்டபாடில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி வந்தாறுமூலைக் கம்பஸில் மெய்யியல் எடுத்ததும், கடவுள் இல்லை என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்தர் எழுதிய புத்தகம் ஒன்றை லீவுக்குச் சொறிக்கல்முனைக்குக் கொண்டுவந்ததும், அதைக் கண்ட மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் "இதை வாசிப்பதே சாவான பாவம்" என்று சொன்னதும் எல்லாம் எழுதி, அது உண்மையா என்று கேட்டிருந்தாய். பிள்ளை அன்றிரவு சாப்பிடாமல் அழுதாள் என்ற வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

அவர் சொன்னது வெறும் கற்பனை அல்ல. ஆனால் ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு முன்பே நீக்கிவிட்ட சட்டம் அது. சார்த்தரின் எல்லா நூல்களையும் 1948இல் ரோமாபுரி, கத்தோலிக்கர் வாசிக்கக் கூடாத நூல்களின் தடைப்பட்டியலில் போட்டது உண்மை. அந்தப் பட்டியல் 1559இல் நான்காம் பவுல் பாப்பரசர் காலத்தில் வந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. பட்டியலில் பெயரே இல்லாவிட்டாலும், இன்ன வகை நூல் என்றால் வாசிக்கவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, விற்கவும் மொழிபெயர்க்கவும் கூடாது. மாந்திரீகம், சாத்திரம் பார்ப்பது, ஆபாசம், திருச்சபைக்கு எதிரான போதனை எல்லாம் அதற்குள் அடக்கம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் வெளியிட்ட வேதாகமமும் அதற்குள்தான்.

அந்தக் கடைசி வகை எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் பெரியம்மா மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளை. கல்யாணத்துக்காகக் கத்தோலிக்கத்துக்கு வந்தவ. தாய் கொடுத்த தமிழ் வேதாகமத்தை அலுமாரிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் வைத்திருந்தா. கறுப்பு மட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, சங்கீதப் பக்கங்களில் மட்டும் விரல் பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை. தவக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டுதான் அதை வாசிப்பா. பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்லி அழுதிருப்பா என்றே நினைக்கிறேன். 1966 ஜூன் 14ஆம் திகதி, ஆறாம் பவுல் பாப்பரசர் காலத்தில், பட்டியலுக்கு இனிச் சட்ட வலு இல்லை என்று ரோமாபுரி அறிவித்தது. அதே நவம்பரில் தடைச் சட்டத்தையும் தண்டனையையும் நீக்கியது. பெரியம்மாவிடம் அதை ஒருவரும் வந்து சொல்லவில்லை. சாகும்வரை அந்த வேதாகமம் சேலைக்கு அடியில்தான் கிடந்தது. கூடாது என்பதை ஊரெல்லாம் கேட்கச் சொன்னவர்கள், இனிக் கூடும் என்பதையும் அதே சத்தத்தில் சொல்லியிருக்க வேண்டும். 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அவதான்.

சரி, சட்டம் போய்விட்டது, இனி எதையும் வாசிக்கலாமா என்றால் அப்படியும் இல்லை. அந்த 1966 அறிவிப்பே, பட்டியலின் அறநெறிக் கடமை இன்னும் இருக்கிறது என்றும், விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் கேடானதை அவரவர் மனச்சாட்சிப்படி விலக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பழைய சட்டத்திலும் இந்த நியாயம் இருந்தது. வாசிக்க அனுமதி பெற்றவனாக இருந்தாலும், ஒரு புத்தகம் அவனையே பாவத்துக்கு இழுக்கும் என்றால் அவன் அதைத் தொடக் கூடாது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஒருவனைக் கெடுக்கும் புத்தகம் இன்னொருவனை ஒன்றும் செய்யாது. பட்டியல் போட்டு அதைப் பிடிக்க முடியாது. விக்டர் ஹியூகோவின் 'ஏழை படும் பாடு' 1959 வரை அந்தப் பட்டியலில் இருந்தது. அதில் வருகிற ஆயரைப் போல ஒரு நல்ல ஆயரை நான் வேறு எந்தக் கதையிலும் கண்டதில்லை. ஆனால் ஹிட்லரின் புத்தகம் ஒருநாளும் அதில் ஏறவில்லை.

ஆகவே பிள்ளையிடம் சொல், பாடத்துக்காக நேர்மையாக வாசிப்பது பாவமே இல்லை. கடவுள் இல்லை என்று ஒருவர் எழுதியதை வாசித்து விளங்கிக்கொள்வது வேறு, கடவுளை விடுவது வேறு. மெய்யியல் படிக்காமல் யாருக்கும் குருப்பட்டம் கிடையாது. உங்கள் பங்குச் சுவாமியும் படித்துத்தான் வந்திருப்பார். சந்தேகம் வந்தால் அவரிடமே போய்க் கேட்கட்டும். வாசிக்க வாசிக்க மனம் இருண்டுபோனால் கொஞ்சநாள் மூடிவைக்கட்டும், அதையும் அவளே முடிவெடுக்கட்டும்.

அப்புறம், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. போன கிழமை நீ வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினாயே, முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டைப் பற்றிய செய்தி. 2018 பெப்ரவரியில் அம்பாறை டவுனில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்று ஒரு கதை, போனுக்குப் போன் பரவிய ஒரு வீடியோ, அந்த இரவே கடைகளையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். பிறகு சோதித்துப் பார்த்தால் அது மாவுக்கட்டி. போதிய ஆதாரம் இல்லாமல் அயலான் குற்றம் செய்தான் என்று மனதுக்குள் நம்பினாலே அது குற்றம் என்று நம் மறைக்கல்வி நூல் சொல்கிறது. இந்த வயதில் உனக்கும் எனக்கும் கேடான வாசிப்பு சார்த்தர் அல்ல, மச்சான், இதுதான். பேத்தியின் புத்தகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் யாராவது நம் போனை வாங்கிப் பார்த்தார்களா?

நான் அதை அழித்துவிட்டேன். நீ வேறு யாருக்கெல்லாம் அனுப்பினாயோ, அவர்களுக்கும் "அது உறுதியில்லாத செய்தி, பரப்ப வேண்டாம்" என்று ஒரு வரி இன்றைக்கே போட்டுவிடு. போட்டுவிட்டு எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி