முன்னாள் படைவீரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வீரர்களின் துணைவியரான தாய்மார்களே, என்னோடு சீருடை போட்ட சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஐப்பசி மழையில் ஒரு கூட்டம் மட்டும் கோரம் இல்லாமல் தள்ளிப்போனது. நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்க வந்த பெரியவர்களுக்கு நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் மடிக்கணினியோடு உட்கார்ந்து உதவினார்கள். பாட்டிமார் சிலருக்குக் கைரேகை பதியவே இல்லை. கடைசியில் முகத்தைப் படம் பிடித்துத்தான் முடித்தோம். டிசம்பர் 7 கொடிநாள் வசூலை உரிய அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கியாயிற்று. கேன்டீன் வரிசையில் சண்டை போடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

குடும்ப ஓய்வூதிய மனுக்களில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். 1987-இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பி, பின்னர் விடுதலைப் புலிகளோடு போரிட்ட அமைதிப்படையில் இருந்தபோது 1988-இல் இறந்த, நாயக் பதவியிலிருந்த ஒரு வீரரின் மனைவிக்கு இத்தனை வருடமாகச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமே வந்துகொண்டிருந்திருக்கிறது. எதிரி நடவடிக்கையில் உயிர் விட்டவர் குடும்பத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அளவுக்கே ஓய்வூதியம் உண்டு என்பதை அந்தத் தாயாருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "ஏதோ வருது, அதுவே போதும்னு இருந்துட்டேன்" என்றார். அவர் கணவர் போரில் இறந்தவர் என்று அன்றைக்குப் பதிவான உத்தரவின் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கோப்பு ஒரு மேசையில் இருக்கிறது. விடமாட்டோம்.

அந்த மனுவிலிருந்துதான் இந்த ஆண்டின் முக்கியமான வேலையும் வாக்குவாதமும் தொடங்கின. நம் அலுவலக வாசலில் உள்ள நினைவுத் தூணில் 1962, 1965, 1971, கார்கில் எல்லாம் இருக்கின்றன. இலங்கை இல்லை. "எங்க வீட்டுக்காரர் பேரு ஏன் இல்லீங்க ஐயா?" என்று அந்தத் தாயார் கேட்டார். தூண் நட்ட பெரியவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களைக் கேட்டால், "அப்ப ஊர்ல நிலைமை அப்படி" என்கிறார்கள்.

நிலைமை எப்படி என்று அந்தப் படையில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்துக்கு வந்த படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. அரசியல் பேசக்கூடாது என்பது சங்க விதி. அதனால் அது சரியா தவறா என்ற பேச்சுக்கு நான் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். லீவில் வந்தவன் எங்கிருந்து வருகிறான் என்பதைச் சொல்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்த காலம் அது.

மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்த நாங்கள் அங்கே துப்பாக்கி பிடித்தோம், மொழிபெயர்ப்பும் செய்தோம். 1987 ஆகஸ்டில் மாலை போட்டார்கள். ரோந்து போன ஒரு ஒழுங்கையில் (சந்தில்) ஓர் ஆச்சி, "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டு, வேலூர்ப் பக்கம் என்றதும் கிணற்றுத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். செப்டம்பர் 26-இல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-இல் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுப் பலாலித் தளத்தில் வைக்கப்பட்டிருந்த புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் மற்றவர்களும் சயனைடு கடித்தார்கள். அடுத்த வாரமே புலிகளோடு சண்டை. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய இலகு காலாட்படைக்காரர்கள் முப்பது பேரில் 29 பேர் செத்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். இறங்குவது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

என் செக்ஷனில் இருந்த லான்ஸ் நாயக் ஒருவர் திருவண்ணாமலைப் பக்கம். என்னைவிட நன்றாகப் பேசுவார். சோதனைச் சாவடியில் சைக்கிளை நிறுத்தும் பெரியவர்களிடம் "மன்னிச்சுக்குங்க ஐயா, பையைக் காட்டிட்டுப் போங்க" என்பார். மற்ற பட்டாலியன்காரர்கள் அதற்காக அவரைக் கேலி செய்வார்கள். சாலையில் புதைத்திருந்த கண்ணிவெடியில் போனார். அப்போதெல்லாம் கார்கில் காலம் மாதிரி தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வராது. பெரும்பாலும் அங்கேயே எரியூட்டுவார்கள். வீட்டுக்குத் தந்தி போகும். பின்னால் அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி போகும். கட்டை அடுக்கியவர்களில் நானும் ஒருவன். கொள்ளி வைக்க உறவு இல்லாததால் எங்கள் சுபேதார் வைத்தார்.

தூணில் பெயர் சேர்க்கும் தீர்மானத்தைச் செயற்குழுவில் வைத்தபோது எதிர்ப்பு வந்தது. அதையும் அறிக்கையில் பதிவு செய்கிறேன். அங்கே செத்த ஜனங்களின் கணக்கை யார் எழுதுவது என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவரும் அங்கே இருந்தவர்தான். நியாயமான கேள்வி. 1987 தீபாவளியன்று, அக்டோபர் 21-இலும் மறுநாளும், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் நம் படையின் குண்டுக்குச் செத்தார்கள். அதை மறைத்துவிட்டு நம் ஆட்களுக்கு மட்டும் மாலை போடுவது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் போகச் சொன்ன உத்தரவு டெல்லியில் போட்டது. போனவன் இருபத்து மூன்று வயது சிப்பாய். அவன் பெயரை அவன் ஊரிலேயே சொல்லக் கூடாது என்றால் அந்தத் தண்டனை போய்ச் சேருவது வேறு யாரோ ஒருவர் மேல்தான். இது என் கருத்து. செயற்குழு பெரும்பான்மையோடு ஏற்றது.

கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் 2008-இல் இலங்கை அரசே கறுப்புச் சலவைக்கல்லில் அமைதிப்படையில் இறந்த ஏறத்தாழ 1,200 பேரின் பெயர்களையும் செதுக்கி வைத்திருக்கிறது. 2010 ஆகஸ்ட் 15-இல் அங்கே முதன்முறையாக முறைப்படி அஞ்சலி நடந்தது. பலாலியில் 2014-இல் நினைவுச் சுவரைப் புதுப்பித்தார்கள். டெல்லி தேசியப் போர் நினைவகம் 2019-இல் வந்தது. நம் ஊர்த் தூணுக்குத்தான் இன்னும் இடம் போதவில்லை!

அஞ்சலிக்கு நவம்பர் 25-ஐத் தேர்ந்தோம். 1987-இல் அந்த நாளில்தான் எட்டாவது மகார் பட்டாலியனின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் வீழ்ந்தார். தேடுதல் முடிந்து இரவில் திரும்பும்போது பதுங்கித் தாக்கினார்கள். அவர் சுற்றிவளைத்துப் பின்புறமிருந்து பாய்ந்தார். நெஞ்சில் சுட்டவனின் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவு கொடுத்தார். அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. பம்பாயில் பிறந்த தமிழர். சென்னை ஆற்காடு சாலையில் 'பரமேஸ்வரன் விஹார்' வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

அன்று நம் வட்டத்துக் குடும்பங்கள் வந்திருந்தன. மைக் செட் இல்லை, பேச்சாளர் இல்லை. பெயர், எண், பட்டாலியன், இறந்த இடம் வாசித்தோம். ஒரு தம்பி தன் அண்ணன் இறந்ததாக வீட்டுக்கு வந்த தந்தியைப் பாலித்தீன் உறையில் கொண்டுவந்தார். அதில் ஊர்ப்பெயர் சிதைந்திருந்ததால் இத்தனை காலமும் அண்ணன் எங்கே செத்தார் என்றே வீட்டில் தெரியவில்லை. சிக்னல்ஸில் (தகவல் தொடர்புப் பிரிவில்) இருந்த நம் உறுப்பினர் அதை விளக்கடியில் வைத்துப் பார்த்து, தேதியையும் பட்டாலியனையும் ஒப்பிட்டு, "இது சாவகச்சேரி தம்பி" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிச் சாலையில் இருக்கும் ஊர், தென்னையும் பலாவும் நிறைய என்று அவர் சொல்லச் சொல்ல, தம்பி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

கல் வேலை பாதியில் நிற்கிறது. குடும்பத்தாரின் எழுத்துச் சம்மதம் எல்லாம் வந்து சேராததால் இந்த அறிக்கையிலும் பெயர்களை அச்சிடவில்லை. கல்லில் 'வெற்றி' என்ற சொல் வேண்டாம், பெயரும் ஊரும் இறந்த இடமும் தேதியும் போதும் என்று முடிவாகியிருக்கிறது. பதவி வரிசையா, இறந்த தேதி வரிசையா என்பதை இன்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தேதி வரிசை என்பது என் பரிந்துரை. சுபேதார் மேஜர்கள் கோபிக்க வேண்டாம்.

வரும் ஜூலை 26 கார்கில் வெற்றியின் 25-ஆம் ஆண்டு. 1999 மே 29-இல் பட்டாலிக் முனையில் வீழ்ந்து, உடல் மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆன மேஜர் சரவணனின் திருச்சி நினைவிடத்துக்கு வேன் ஏற்பாடு செய்கிறோம். வர விரும்புவோர் துணைச் செயலாளரிடம் பெயரையும் வேன் கட்டணத்தையும் ஜூலை முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடவும். கடைசி நேரத்தில் பேரனையும் கூட்டிவருகிறேன் என்றால் இருக்கை இருக்காது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்