கருப்பட்டி கேட்டு எழுதிய மகனுக்கு

யாங்கோன்

அன்புள்ள மகன் குமரனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அடுத்த வாரம் சிங்கப்பூர் வரும் மாமாவிடம் நீ கேட்ட கருப்பட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். வெள்ளைச் சீனியை அடியோடு விட்டுவிட்டதாகவும், இப்போது கருப்பட்டியும் தேனும் மட்டுமே சேர்ப்பதாகவும், அவை இயற்கையானவை என்பதால் அளவு பார்க்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தாய். எதற்காகச் சீனியை விட்டாய் என்பதை மட்டும் எழுதவில்லை.

கருப்பட்டி விற்றுத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்கிறேன். பகானிலிருந்து போப்பா மலைக்குப் போகும் வழியில் நீயே பார்த்திருக்கிறாய். பதநீரைக் கொப்பரையில் ஊற்றி, பொங்கி வழியாமல் கிளறிக் கிளறிக் காய்ச்சி, பாகு விரலில் உருளும் பதம் வந்ததும் இறக்கி உருண்டை பிடிப்பார்கள். அங்கே வற்றுவது தண்ணீர். பதநீரின் இனிப்பு முழுவதும் உருண்டையில் தங்கிவிடுகிறது. அந்த இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். ஆலைச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். குடலுக்குள் போனதும் இரண்டும் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃபிரக்டோஸாகவும் பிரிகின்றன. அதன்பின் எது பனை, எது கரும்பு என்று பிரித்தறிய உடம்பில் வழியில்லை. கருப்பட்டியில் இரும்பும் பொட்டாசியமும் உண்டு என்பாய், உண்டுதான். ஆனால் தேநீருடன் கடிக்கும் ஒரு துண்டில் அது மிகச் சொற்பம். இரும்புச் சத்து வேண்டுமென்றால் அம்மா சொல்வதுபோல் கீரையும் பருப்பும் சாப்பிடு.

தேனும் அப்படியே. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சீனியோடு தேனையும், பாகையும், பழச்சாற்றையும் ஒரே கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இவையெல்லாம் சேர்ந்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. 25 கிராம் என்பது ஆறு தேக்கரண்டி. கணக்கில் கெட்டிக்காரன் நீ. காலைத் தேநீரிலிருந்து கூட்டிப் பார். அங்கேயும் நீ தேநீர்க்கடையின் இனிப்பு டின்பாலை விடவில்லை என்று நினைக்கிறேன். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான்.

முழுப் பழத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நார்ச்சத்தோடு மென்று தின்னும்போது இனிப்பு மெதுவாக ஏறுகிறது. ஆகவே செயின்தலோன் மாம்பழம் கிடைத்தால் துண்டு போட்டு அளவாகச் சாப்பிடு, சாறு பிழிந்து குடிக்காதே. எதுவானாலும் அளவு பார். கருப்பட்டியானாலும் அளவு பார்.

பெரியப்பாவும் சீனியைக் கையால் தொட்டதில்லை, கருப்பட்டிதான். அவருடைய கால் என்ன ஆயிற்று என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. நம் குடும்பத்தில் எல்லோரும் அளவு பார்த்தாக வேண்டும், குமரா.

பங்குனி உத்திரத்தன்று நீ அனுப்பிய படத்தை அம்மா இன்னும் எடுத்தெடுத்துப் பார்க்கிறாள். அவ்வளவு பெரிய வேலையில் இருந்துகொண்டு காவடிக்கு விடுப்பு எடுத்தாயே என்று அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமைப்படுகிறாள். நான் பார்த்தது உன் சட்டைக் கழுத்தை. இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளவென்று நிற்கிறது. உணவைக் குறைத்ததால் மெலிந்தாய் என்றால் மகிழ்ச்சி. தாகம் மிகுந்து, இரவில் பலமுறை எழுந்து, சாப்பிட்டும் உடம்பு இளைத்தால் அது வேறு. முன்பெல்லாம் தலைவலி வந்தாலே தொலைபேசியில் சொல்லிவிடுவாய். இப்போது மாமாவிடம் சொல்லி என்னிடம் மறைப்பது முறையா?

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு கூடப் போக வேண்டியதில்லை. 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5ஐத் தொட்டால் மருத்துவர் சொல்வதைக் கேள், கருப்பட்டியை மருந்தாக நினைத்துக் காலம் கடத்தாதே. ஏற்கெனவே எடுத்திருந்தால், அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எழுது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ கேட்டதில் பாதிக் கருப்பட்டிதான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா