மூன்று 7 கேட்டேன், 7, 8, 10 வந்தது: பணத்தையும் மன்னிப்பையும் கேட்டு ஒரு புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பெயரும் எண்ணும் அச்சிட்ட ஏழு ஜெர்சிகள் தவறாக வந்தது குறித்தும், உங்கள் ஊழியர் என்னிடம் பேசிய விதம் குறித்தும்

ஐயா / அம்மா,

வணக்கம். என் ஆர்டர் எண்ணை இதுவரை ஆறு முறை போனில் சொல்லிவிட்டேன், நாலு முறை மெயிலில் எழுதிவிட்டேன். சாட்டில் எத்தனை முறை தட்டினேன் என்று கணக்கே இல்லை. தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் போடுகிறவரிடம் கொடுக்க வேண்டாம். என்னிடம் பொறுமை மிச்சம் இல்லை.

ஜூலை 5ஆம் தேதி உங்கள் தளத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ஏழு சிவப்பு ஜெர்சி ஆர்டர் செய்தேன். ஜெர்சி ஒன்று 1,499 ரூபாய், முதுகில் பெயரும் எண்ணும் அச்சிட 350. ஏழுக்கும் சேர்த்து 12,943 ரூபாய். அன்றே முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. "எந்த சீசன், எந்த வீரர், எந்த எண் வேண்டுமானாலும்" என்று நீங்கள்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் உங்களிடம் வந்தேன்.

நான் கேட்டது இது: டி மரியா 7, மெம்ஃபிஸ் 7, சான்செஸ் 7, ஃபால்காவ் 9, ஆன்டனி 21, பெபே 33, வான் டி பீக் 34. ஜூலை 24ஆம் தேதி வந்தது: டி மரியா 7, மெம்ஃபிஸ் 8, சான்செஸ் 10. மற்ற நாலும் எண் அளவில் சரி. ஆனால் பெபேயின் இரண்டாவது 3 சாய்ந்து ஒட்டியிருக்கிறது, நகம் பட்டாலே ஓரம் பெயர்கிறது. பார்சல் பிரிக்கும் வீடியோ இருந்தால்தான் புகாரை எடுப்போம் என்றீர்கள். அதையும் வெட்டாமல், நிறுத்தாமல் எடுத்து அனுப்பினேன். "வீடியோ கிடைத்தது" என்று ஒரு மெயில் வந்தது. அதோடு சரி.

விளையாட்டுப் பொருள் விற்கும் நிறுவனத்துக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பதே எனக்கு வருத்தம். ஏழு பேரும் ஒரே ஆண்டில் ஆடியவர்கள் இல்லை. மான்செஸ்டர் யுனைடெட்டில் 7 என்பது ஜார்ஜ் பெஸ்ட், ராப்சன், கன்டோனா, பெக்கம், ரொனால்டோ என்று பெரிய பெரிய வீரர்கள் போட்ட எண். 2014இல் டி மரியா 59.7 மில்லியன் பவுண்டுக்கு வந்தார், அப்போது பிரிட்டனில் ஒரு வீரரை வாங்கக் கொடுத்ததிலேயே அதுதான் பெரிய தொகை. அவருக்கு 7 கொடுத்தார்கள். ஒரே வருஷத்தில் பாரிஸ் கிளப்புக்குப் போய்விட்டார். அதே 7ஐ 2015இல் மெம்ஃபிஸ் வாங்கினார், 2017 ஜனவரியில் லியோனுக்குப் போனார். 2018 ஜனவரியில் சான்செஸ் வந்தார், அவருக்கும் 7. ஆக, மூன்று பேர், மூன்று காலம், ஒரே எண். உங்கள் கம்ப்யூட்டர் இதை 'ஒரே எண் திரும்ப வருகிறது' என்று எடுத்துக்கொண்டு தானாக மாற்றியதோ, அச்சிடுகிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்றினாரோ, எனக்குத் தெரியாது. ஒரு போன் செய்து கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

நீங்கள் மாற்றிப் போட்ட எண்களையாவது பார்த்தீர்களா? மெம்ஃபிஸ் ஆடிய நாளில் 8 என்பது ஹுவான் மாட்டாவின் எண். எங்கள் கூட்டத்தில் மாட்டாவைக் குறை சொன்னவர் ஒருவர்கூட இல்லை. சான்செஸ் இருந்த இரண்டாவது சீசனில் 10 போட்டவர் ராஷ்ஃபோர்டு, எங்கள் அகாடமியில் வளர்ந்த பையன். அந்த எண்ணின் மேல் சான்செஸ் பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பெட்டியைப் பிரித்த என் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மடித்து வைத்துவிட்டான்.

இப்போது அந்த போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 26, சனிக்கிழமை, காலை 11.20. இருபத்திரண்டு நிமிஷம் இசை கேட்க வைத்த பிறகு உங்கள் ஊழியர் ஒருவர் எடுத்தார். பிரச்சினையைச் சொன்னேன். "மேடம், ஒரே டீம்ல மூணு பேரு 7 எப்படி போடுவாங்க? ரூல்ஸே இல்லையே" என்றார். வேறு வேறு வருஷம் என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார், அது எனக்குக் கேட்டது. அப்புறம் சொன்னார்: "வீட்ல ஜென்ட்ஸ் யாராவது இருந்தா போனக் குடுங்க மேடம், அவங்களுக்குப் புரியும்."

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பகுதியில் பொம்பளைப் பிள்ளைகளும் பூட்ஸ் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போகிறவர்கள்தான். 1999இல் பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், ஜெர்மனியின் பேயர்ன் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும் கோல் போட்டபோது நான் ஒன்பது வயதுப் பிள்ளை. நடு ராத்திரி தாண்டி அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து இந்த கிளப்பைப் பார்க்கிறேன். எந்த எண்ணை யார் போட்டார் என்று எனக்குச் சொல்லித்தர என் வீட்டு ஜென்ட்ஸ் தேவையில்லை. அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும், பதிவு செய்கிறோம் என்று நீங்களே முதலில் சொல்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துக் கேளுங்கள். நான் குரலை உயர்த்தியிருந்தால் இந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போனை வைக்கும் முன் அவர் சொன்ன இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. "இந்த மாதிரி ஃப்ளாப் பிளேயருக்கு எல்லாம் யாரு மேடம் ஜெர்சி வாங்குவா?" நாங்கள் வாங்குவோம். ஏன் என்றும் சொல்கிறேன்.

எங்கள் ஏரியாவில் யுனைடெட் ரசிகர்களும் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான செல்சியின் ரசிகர்களும் வருஷத்துக்கு ஒரு முறை டர்ஃபில் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர், ஆடுவோம். இந்த வருஷம் இரண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: அவரவர் கிளப் பணம் கொட்டி வாங்கி, அதிகம் ஏமாற்றிய வீரர் யார் யார் என்று உட்கார்ந்து பேசி, அந்தப் பெயர்களைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் மூன்று ராத்திரி பேசினோம். நாலு பேர் சண்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கிப்போய், மறுபடி மேலே வந்தார்கள். அப்படி வந்த பட்டியல் அது.

ஏமாற்றம் என்பது வேறு, மனசே வைக்காமல் ஆடுவது வேறு. ஃபால்காவ் 29 ஆட்டத்தில் 4 கோல்தான் போட்டார். ஆனால் முழங்கால் கிழிந்து தேறி வந்த மனிதர் அவர். அவ்வளவு பெரிய பெயரை வைத்துக்கொண்டு, இளைஞர் அணியோடு ஆடச் சொன்னபோதும் போய் ஆடினார். வான் டி பீக்கைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்று நான் சண்டை போட்டேன். ஆட வாய்ப்பே தராமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமா? பழைய கிளப்பான அயாக்ஸில் தன்னோடு ஆடி, மைதானத்தில் சுருண்டு விழுந்த நண்பன் நூரியின் நினைவாக 34 போட்டவர் அவர். ஓட்டெடுப்பில் தோற்றேன், சேர்த்துவிட்டார்கள். பெபேயைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவர் ஆடி ஒரு தடவைகூடப் பார்க்காமல் அப்போதைய மேனேஜர் ஃபெர்குசன் வாங்கினார், அதில் பையன் தப்பு என்ன? ஆன்டனிக்குக் கொட்டிக்கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசினால் இன்னும் இரண்டு பக்கம் போகும்.

உண்மையான சண்டை, அதிகம் ஏமாற்றியவர் டி மரியாவா சான்செஸா என்பதில்தான். டி மரியா வீட்டில் திருடர்கள் நுழையப் பார்த்தார்கள், அவர் குடும்பம் பயந்துபோனது, அது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் அடுத்த சீசனுக்கு முன் அணி அமெரிக்காவில் காத்திருக்க, அவர் விமானமே ஏறவில்லை. சான்செஸ் அறிமுக வீடியோவில் பியானோ வாசித்துக்கொண்டு வந்தார், 45 ஆட்டம், 5 கோல். முதல் நாள் பயிற்சி முடிந்ததுமே ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு பழைய கிளப்பான ஆர்சனலுக்குத் திரும்ப முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்டதாகப் பிறகு அவரே சொன்னார். முதல் நாளே! அதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டு பேருமே 7. அந்த 7தான் எங்கள் வாதமே. அதை எடுத்துவிட்டு 10 போட்டால் அந்தச் சட்டையில் என்ன இருக்கிறது?

உங்கள் நிறுவனத்தில் நல்லபடியாகப் பேசிய ஒருவரையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் உங்கள் சேவைப் பிரிவைச் சேர்ந்தவர் இல்லை. ஜூலை 29, செவ்வாய்க்கிழமை, செங்குன்றம் குடோனுக்கு நேரில் கொண்டுவந்தால் அன்றே மாற்றித் தருவோம் என்று சாட்டில் எழுதினீர்கள், படம் எடுத்து வைத்திருக்கிறேன். அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு செங்குன்றத்துக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் லாரிகள் நிற்கும் மண் ரோட்டில் முக்கால் கிலோமீட்டர் நடை. உங்கள் குடோன் வாசலில் செக்யூரிட்டி ஐயா பெட்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். "இங்க லோடு இறக்குறது மட்டும்தான்மா. ரிட்டர்ன் எல்லாம் பெங்களூர்ல. இந்த வாரம் மட்டும் உன்னோட சேத்து நாலு பேரு வந்துட்டாங்க" என்றார். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார், நிழலில் நாற்காலி போட்டார். உங்கள் நிறுவனத்திலேயே என்னை ஒரு மனுஷியாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். நாலு பேர் வந்தார்கள் என்றால், தவறான முகவரி சொல்கிறோம் என்று தெரிந்தே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா?

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். வேறு வழியில்லாமல் 8க்கும் 10க்கும் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை வெட்டி 7 மாதிரி ஒட்டினோம். பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வியர்வையில் டேப் நழுவி என் தம்பியின் முதுகில் வால் மாதிரி தொங்கியது. செல்சி பக்கம் வந்த ஏழில் ஐந்து பெயரைப் பாருங்கள்: டோரஸ், ஃபால்காவ், மொராட்டா, ஹிகுவைன், லுகாகு. ஐந்து பேர், ஐந்தும் 9! ஃபால்காவ் இரண்டு அணியிலும் இருந்தார், அவரும் அங்கே 9தான். திருப்பூரில் ஒரு சின்னக் கடையில், உங்கள் விலையில் பாதிக்கு அச்சிட்டு வாங்கியிருந்தார்கள். அந்தக் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை, கேட்டதைக் கேட்டபடி அடித்துக் கொடுத்தார். எங்களைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில் எங்கள் பையன்களுக்கு ஆட்டத்தில் மனசே போகவில்லை. 5-2 என்று தோற்றோம். கடந்த மூன்று வருஷமும் ஜெயித்தவர்கள் நாங்கள். அந்தத் தோல்விக்கு உங்கள் அச்சுதான் காரணம் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மூன்று ராத்திரிப் பேச்சு, ஒரு மாதக் காத்திருப்பு, எங்கள் மரியாதை எல்லாம் போனது. ஐம்பதாயிரம் கொடுத்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்ப வராது.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில், அடுத்த ஆர்டருக்கு 500 ரூபாய் கூப்பன். அடுத்த ஆர்டரா?

பெயர் அச்சிட்ட பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற உங்கள் விதியைப் படித்தேன். நான் கேட்டதை அச்சிட்டுவிட்டு அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நான் கேட்காததை அச்சிட்டுவிட்டு அந்த விதியைக் காட்டுவது நியாயம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. உங்கள் ஜெர்சித் துணி நன்றாகவே இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்பது மூன்றுதான். 12,943 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். செங்குன்றம் போய் வந்த செலவையும் என் அரை நாள் சம்பளத்தையும் தர வேண்டும். போனில் பேசிய அந்த ஊழியர், அல்லது அவருக்கு மேல் இருப்பவர், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணம் முன்னே பின்னே ஆனாலும் மன்னிப்பை விட மாட்டேன். அவர் வேலை போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். இனி ஒரு பெண் போன் செய்தால் அவர் அப்படிப் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம் என்றும் விசாரித்து வைத்திருக்கிறேன். பார்சல் வீடியோ, சாட் படங்கள், பணம் கட்டிய ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் தயாராக இருக்கின்றன.

ஜெர்சிகள் ஏழும் துவைத்து, மடித்து, நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் எங்கள் பீரோ மேல் இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். வருவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள். போனை எடுப்பது நான்தான்.

இப்படிக்கு,
ஏழு ஜெர்சிக்கும் பணம் கட்டிய வாடிக்கையாளர்,
வியாசர்பாடி, சென்னை