பிரான்ஸ் கிராமத்துப் பண்டிகை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரான்ஸ் கிறிஸ்துமஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாரிஸின் ஷான்ஸெலிஸே வீதி விளக்குகள், ஸ்த்ராஸ்பூர் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை என்று படங்களெல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில், கிராமங்களில் பண்டிகைக் களையே கிடையாது, வயதானவர்கள் தனியாகக் கிடந்து வாடுகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நான் காரைக்கால்காரி. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கணவரோடு பிரான்ஸின் தென்கிழக்கில் உள்ள வோக்ளூஸ் மாவட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு கிராமத்தில் குடியேறிவிட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தெருவில் களை இல்லை என்பது சரி. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மிஸ்த்ரால் என்ற குளிர்ந்த வடகாற்று கிளம்பிவிட்டால் ஊரே ஜன்னலின் மரக்கதவுகளை இழுத்துச் சாத்திக்கொள்ளும். மேயர் அலுவலக வாசலில் ஒரு சரம் விளக்கு, அவ்வளவுதான். பண்டிகை நடப்பது வீட்டுக்குள்ளே.

எங்கள் ப்ரோவான்ஸ் பகுதியில் அது டிசம்பர் 4, புனித பார்பரா நாளன்றே தொடங்கிவிடும். மூன்று சின்னத் தட்டுகளில் பஞ்சைப் பரப்பி நனைத்து, கோதுமையைத் தூவி வைப்போம். பேக்கரிகளில் இதற்கென்றே சிறு பைகளில் கோதுமை விற்பார்கள். அந்தக் காசு நோயாளிக் குழந்தைகளுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குள் பயிர் நிமிர்ந்து பச்சையாக நின்றால் வரும் வருஷம் விளைச்சல் நன்றாக இருக்குமாம். நம் முளைப்பாரியேதான்! நாம் இருட்டில் வைத்து வெளிர்மஞ்சளாக வளர்ப்போம், இவர்கள் ஜன்னலோரம் வைக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டு மதாமுக்கு எண்பது தாண்டிவிட்டது. தினமும் என் தட்டுகளை எட்டிப் பார்த்து, "தண்ணீர் அதிகம்" என்பார். "இல்லை மதாம், போதவில்லை" என்பேன் நான். வருஷா வருஷம் இதே வழக்குதான், தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை.

24ஆம் தேதி இரவு பூசைக்குப் போவதற்கு முன் இறைச்சி இல்லாத சாப்பாடு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை மேசைவிரிப்பு, உப்புக் கருவாடாக வரும் காட் மீன், கீரை. பூசை முடிந்து வந்ததும் பதின்மூன்று இனிப்புகள், இயேசுவுக்கும் பன்னிரண்டு சீடர்களுக்குமாக. உலர்ந்த அத்தி, திராட்சை, பாதாம், வால்நட் இந்த நான்கும் நான்கு துறவற சபைகளின் அங்கி நிறத்துக்காக வைப்பது. அப்புறம் தேனும் பாதாமும் சேர்த்துச் செய்யும் நூகா மிட்டாயில் வெள்ளை ஒன்று, கருப்பு ஒன்று, பேரீச்சை, ஆலிவ் எண்ணெய் ரொட்டி. அந்த ரொட்டியில் கத்தி படக்கூடாது, கையால்தான் பிய்க்க வேண்டும். கத்தி வைத்தால் அடுத்த வருஷம் காசு தங்காது என்று மதாம் மிரட்டுவார். மற்றபடி பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். அந்தத் தைரியத்தில் அதிரசம் சுட்டுக் கொண்டுபோனேன். ஆரஞ்சும் கமலா ஆரஞ்சும் தனித்தனிக் கணக்கா என்று கொஞ்ச நேரம் யோசித்தவர், இரண்டும் ஒன்றே என்று தீர்த்து அதிரசத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். சாப்பிட்டு முடிந்தாலும் அன்றிரவு மேசையைத் துடைக்க மாட்டார்கள். முன்னோர்களின் ஆன்மாக்கள் வந்து போகுமாம்.

இதைத் தனிமை என்று எழுத எனக்கு மனம் வராது. வாட்டம் என்றால் அது பஸ்ஸால் வருகிறது. எங்கள் பக்கம் பல தடங்களில் பள்ளி நாட்களில் மட்டுமே பஸ் ஓடும். கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கு இரண்டு வாரம் லீவு விட்டால் பஸ்ஸும் நின்றுவிடும். கார் ஓட்ட முடியாதவர்கள் மருந்துக்கடைக்குப் போகக்கூட யாரையாவது கெஞ்ச வேண்டும். கட்டுரையாளர் பரிதாபப்பட நினைத்திருந்தால் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம்.

ஒரு சின்னத் திருத்தமும் உண்டு. 26ஆம் தேதி பிரான்ஸ் முழுக்க விடுமுறை என்று போட்டிருந்தீர்கள். ஜெர்மனி எல்லையோரம் உள்ள அல்சாஸிலும் மோஸெல் மாவட்டத்திலும்தான் அன்று விடுமுறை. லியோனிலிருந்து வரும் மதாமின் மகன் 25 மாலையே கிளம்பிவிடுவது அதனால்தான்.

இந்தப் பக்கம் வர நினைக்கும் வாசகர்கள் டிசம்பரிலேயே வந்தாக வேண்டும் என்றில்லை. களிமண் பொம்மைக் குடில்களைப் பல வீடுகளில் பிப்ரவரி 2 வரை கலைக்க மாட்டார்கள். ரிஷ்ரான்ஷ் என்ற ஊரில் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் ட்ரஃபிள் காளான் சந்தை கூடும். கூவி விற்பதெல்லாம் கிடையாது; கார் டிக்கியைத் திறந்து வைத்து, காதோடு காதாக விலை பேசுவார்கள். ஜனவரி மூன்றாம் ஞாயிறு பூசையில் காணிக்கையாகவே ட்ரஃபிள் விழும். பஸ்ஸை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகி,
வோக்ளூஸ், பிரான்ஸ்