செவ்வாய்க்கிழமை வாருங்கள்: சேவைக்கு ஆள் அனுப்பும் ஆன்மிக மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தியான மன்றங்கள், வழிபாட்டுச் சபைகள், சத்சங்கக் குழுக்கள் ஆகியவற்றின் தலைவர்களுக்கும் சேவைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவள். உங்கள் உறுப்பினர்கள் சேவைக்கு வரும்போது கதவைத் திறந்துவிடுவதும், அவர்கள் போன பிறகு அறைகளை ஒழுங்கு செய்வதும் என்னைப் போன்றவர்கள்தான். எந்த இல்லம், எந்த மன்றம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு மன்றத்தோடு நின்றுவிடும், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள்.

உங்கள் ஆட்கள் வருவதே எங்களுக்குப் பெரிய ஆறுதல். அதில் சந்தேகமில்லை. அரிசி மூட்டையைத் தூக்கி வந்து இறக்குகிறார்கள், ரத்தம் தேவை என்றால் நள்ளிரவிலும் ஓடுகிறார்கள், யாருமில்லாதவர் இறந்துபோனால் இறுதிக் காரியம் வரை கூடவே நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அவர்களை நீங்கள் எதற்காக அனுப்புகிறீர்கள், என்ன சொல்லி அனுப்புகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று, இல்லையென்றால் பண்டிகை நாளில், அதுவும் இல்லையென்றால் உங்கள் குருவின் பிறந்தநாளில்தான் எல்லோரும் வருகிறீர்கள். ஒரே நாளில் இரண்டு குழுக்கள் சாப்பாட்டோடு வந்து நிற்கும். முதல் குழு பரிமாறியதைச் சாப்பிட்டு முடித்துச் சற்றே கண்ணயர நினைப்பவர்களை இரண்டாவது குழு மறுபடி உட்காரவைக்கும். வேண்டாம் என்றால் வந்தவர்கள் முகம் வாடிவிடுமே என்று பாட்டிமார்கள் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் யார் யாருக்குச் சேவை செய்கிறார்கள் என்று எனக்குக் குழப்பம் வந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை வாசலில் நாய்கூட நிற்பதில்லை.

அப்புறம், கேள்விகள். "பிள்ளைகள் இருக்கிறார்களா? எங்கே இருக்கிறார்கள்? ஏன் பார்க்க வருவதில்லை?" பரிவோடுதான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒருவர் வந்து அதே காயத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கண் கலங்கி, மனசு லேசாகிப் போய்விடுகிறார். அன்று இரவு அந்த அம்மாள் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பது நாங்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் "என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள்" என்று பரீட்சை வைப்பதும் அப்படித்தான். அவருக்குத் தெரியாது. தெரியவில்லை என்பது மட்டும் தெரியும், அதில் பதறுவார்.

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்ற பேச்சு மத்தேயு நற்செய்தியிலும் இருக்கிறது, நபிமொழியிலும் இருக்கிறது. கையில் கேமராவோடு வருகிறவர்களுக்கு அது ஏன் நினைவுக்கு வருவதில்லை என்று தெரியவில்லை. படுக்கையில் கிடப்பவரும் ஒரு காலத்தில் வீடு ஆண்டவர், அலுவலகம் நடத்தியவர், தலை வாராமல் வெளியே வராதவர்.

இதெல்லாம் நடத்தைக் குறைகள், சொன்னால் திருந்திவிடும் என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இதற்கெல்லாம் வேர் உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சில மன்றங்களில் சேவை மணி நேரம் குறித்துவைக்கப்படுகிறது. இத்தனை மணி நேரம் செய்தால்தான் அடுத்த நிலைப் பயிற்சி. "சேவை செய்தால் அகந்தை கரையும், கர்மம் கழியும், தியானம் கைகூடும்" என்று சொல்லி ஆட்களை அனுப்புகிறீர்கள். வருகிறவர் தன் உள்ளே என்ன நடக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிரில் படுத்திருப்பவர் அவருடைய பயிற்சிக் கருவியாகிவிடுகிறார். இதுதான் என் முறையீடு.

இது இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற புலவர் ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடும்போது, "இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்கிறார். இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் பார்க்கும் வியாபாரி இல்லையாம் அவன். சான்றோர் போன வழி இது என்பதால் கொடுத்தானாம், அவ்வளவுதான். ஒருவரைப் புகழ இப்படி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தக் காலத்திலும் அறத்தை விலைக்கு வாங்குகிறவர்கள் ஊர் நிறைய இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நீங்கள் வள்ளலாரை எடுத்துக்காட்டி மறுப்பீர்கள். நியாயம்தான். ஜீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோல் என்றே சொன்னவர் அவர். கருணைக்கும் ஆன்ம லாபத்துக்கும் அவரைப் போல முடிச்சுப் போட்டவர் குறைவு. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். அந்த அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசித்தவருக்கு எந்தக் கிழமையில் பசிக்கிறதோ அந்தக் கிழமையில் சோறு. சாப்பிடுகிறவரின் பசியை வைத்து அங்கே ஏற்பாடு நடக்கிறது, பரிமாறுகிறவரின் வசதியை வைத்து இல்லை. திறவுகோல் என்று அவர் சொன்னதை மேடையில் சொல்கிறீர்கள், இந்த ஏற்பாட்டை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. சேவைக்குக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் அதை நீங்கள் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கம் வருகிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை, நான் மற்ற பிக்குகளுக்கு ஒன்றும் செய்ததில்லை, அதனால் அவர்கள் என்னைக் கவனிப்பதில்லை என்கிறார் அவர். புத்தர் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். அவர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

இந்த வாக்கியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு வருவதைத்தான் யாரும் சொல்வதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுதியானவர் யார் என்று ஐந்து குணங்களைச் சொல்கிறார். முதலாவது, மருந்து தயார் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்துக்கொள்ளாததை விலக்க வேண்டும். ஆதாயம் கருதாத அன்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அகற்ற அருவருக்காமல் இருப்பது நான்காவது. தர்மத்தைப் பேசி மனதைத் தேற்றுவது கடைசி. அதுவும் அவ்வப்போது, எந்நேரமும் இல்லை. உங்கள் குழுக்கள் பெரும்பாலும் ஐந்தாவதில் தொடங்கி ஐந்தாவதிலேயே முடித்துக்கொண்டு போகின்றன.

வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர் முதலில் வைத்ததற்குக் காரணம் எங்களுக்குத் தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது சிரமம். படுத்த வாக்கில் இருக்கும்போது அன்பு மிகுதியில் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரல் தொற்றில் கொண்டுபோய் விடலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு மிடறாக, அவர் விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சிலருக்குத் தண்ணீரைக் கெட்டியாக்கித்தான் கொடுப்போம். இனிப்புப் பெட்டியோடு வருகிறவர்களுக்கு யாருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியாது, கேட்பதும் இல்லை. புரளக்கூட முடியாதவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாடிக்கொண்டிருக்கும்போது, திருப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது, கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாகப் போய்விடுகிறது.

இதையெல்லாம் சாதாரண மனிதர்களால் கற்றுக்கொள்ள முடியாதா? கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்து, ஊர் ஊராக அக்கம்பக்கத்து மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு உருவானது. மருத்துவரும் செவிலியரும் பின்னால் நிற்பார்கள். கடை வைத்திருப்பவர், ஆசிரியர், வீட்டில் இருக்கும் பெண்கள், மாணவர்கள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். 2008-இல் மாநில அரசே இதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது. இவர்கள் யாரும் துறவிகள் இல்லை. போய்ப் பார்க்க வேண்டிய நாளில் போகிறார்கள், போவதற்கு முன்னால் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

குழந்தைகள் காப்பகங்களுக்கு ஆள் அனுப்பும் மன்றங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே நிலைமை இன்னும் நுட்பமானது. ஒருநாள் வந்து தூக்கிக் கொஞ்சிவிட்டு மறுபடி வராமல் போகும் மனிதர்கள் மாறி மாறி வந்தால், அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒட்டி, ஒவ்வொரு முறையும் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கிருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார், வறுமைதான் பிரித்துவைத்திருக்கிறது. காப்பகங்களைத் தேடி வரும் தன்னார்வலர்களாலும் பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்கிறது என்று 2019-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானமே எச்சரித்தது. நீங்கள் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை அந்தத் தாய் வேலை தேடிக்கொள்வதற்குச் செலவழித்தால் பிள்ளை வீட்டுக்கே போய்விடலாம். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடீஸ் தருமத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்கும், பெற்றவர் யார் என்று கொடுத்தவருக்கும் தெரியாமல் கொடுப்பதைக்கூட அவர் இரண்டாவது இடத்தில்தான் வைத்தார். கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து, ஒருவர் மறுபடி கையேந்த வேண்டாதபடி நிமிர்த்திவிடுவதுதான் அவருக்கு உச்சப்படி.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் மனசு பக்குவப்பட்ட பிறகுதான் சேவைக்கு வர வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம், சாமி. அப்படிக் காத்திருந்தால் எங்கள் ஆட்கள் யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். புண்ணியத்துக்காக வருகிறவரும் வரட்டும், தனிமை தாங்காமல் வருகிறவரும் வரட்டும், கல்லூரியில் சான்றிதழ் கேட்டார்கள் என்று வருகிற பையனும் வரட்டும். அவர்களுக்குள் என்ன வளர்கிறது என்பது அவர்கள் பாடு. இங்கே வந்து சேர்ந்த பிறகு கண் படுக்கையில் இருப்பவர் மேல் இருக்க வேண்டும், அதை மட்டும் நீங்கள் சொல்லி அனுப்புங்கள். மணி நேரக் கணக்கை நிறுத்திவிடுங்கள். நிறுத்த மனம் வரவில்லை என்றால், ஒரே இல்லத்துக்கு ஒரே ஆள் தொடர்ந்து ஓராண்டு வந்தால்தான் கணக்கில் சேரும் என்று விதியையாவது மாற்றுங்கள்.

வருவதற்கு முன்னால் தொலைபேசியில் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதில் உங்களுக்குச் சப்பென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கால் நகம் வெட்டிவிட ஆள் வேண்டும். முதியவர்களின் நகம் தடித்துப்போயிருக்கும், பொறுமையாக வெந்நீரில் ஊறவைத்து வெட்ட வேண்டும், எங்களுக்கு நேரம் போதவில்லை. பெரியவர்களுக்கான டயாப்பர் எப்போதும் பற்றாக்குறை. காது கேட்கும் கருவிக்குப் பேட்டரி தீர்ந்தால் அவர் பாவம், உலகத்தோடு தொடர்பற்றுப் போகிறார். கண்ணாடியின் கால் உடைந்து நூலால் கட்டி மாட்டியிருக்கிறார் ஒருவர். பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் வரிசையில் அரை நாள் நிற்க வேண்டும், கூட ஒருவர் வந்தால் இங்கே ஒரு பணியாளர் மிச்சம். ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்றிதழ் கொடுக்க, கைப்பேசியில் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். இதில் எதுவும் படத்தில் நன்றாக வராது.

அப்புறம், செவ்வாய்க்கிழமை வாருங்கள். புதன்கிழமையும் பரவாயில்லை. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதுதான் அவர்களுக்கு நகராத நேரம். ஐம்பது பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். அடுத்த செவ்வாயும் அதே இரண்டு பேர் வரட்டும். முதல் நாள் என்னோடு சுற்றி வரட்டும், யாரை எப்படித் தூக்கி உட்காரவைப்பது, யாருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று நானே சொல்லித்தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதியோர் இல்லப் பணியாளர்